பிளேட்லெட் எண்ணிக்கை நார்மலாக இருந்தும் மாரடைப்பு வருமா? கீமோகைன் ஏற்பிகளுக்கு அதில் என்ன வேலை?

"அப்பாவுக்கு பிளேட்லெட் 2.4 லட்சம், நார்மல்தான். அப்புறம் எப்படி ரத்தம் கட்டி மாரடைப்பு வந்தது? கீமோகைன் ஏற்பி என்று படித்தேனே, அது என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்டையார்பேட்டையில் ஒரு லேபில் வேலை செய்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் ரிப்போர்ட்டை வாங்கியதும் எல்லாரும் தேடுவது பிளேட்லெட்டைத்தான். ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்றால் முகம் தெளிந்துவிடும். டெங்குவுக்கு அது சரி. மாரடைப்பில் எத்தனை இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு சுலபமாக உசுப்பேறுகிறது என்பதுதான் விஷயம்.

லீஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடை எண்ணெய் லென்ஸில் பார்த்தால், சிவப்பணுக்களுக்கு நடுவே இரண்டு மூன்று மைக்ரான் அளவில் பிளேட்லெட்டுகள் சிதறிக் கிடக்கும். உட்கரு கிடையாது, ஆயுளும் ஏழிலிருந்து பத்து நாள்தான். உள்ளே ஊதா நிறத்தில் பொடிப்பொடியாகத் தெரிவது பெரும்பாலும் ஆல்பா துகள்கள், பிளேட்லெட் தன் சரக்கைச் சேர்த்து வைத்திருக்கும் சின்னப் பைகள். ரான்டெஸ், பிஎஃப்4, சிஎக்ஸ்சிஎல்12 போன்ற கீமோகைன்கள் அதற்குள்தான் இருக்கின்றன. அணுக்களை 'இங்கே வா' என்று கூப்பிடும் புரதங்கள் இவை.

அனுப்புவது மட்டுமில்லை, பிளேட்லெட் கேட்கவும் செய்யும். அதன் மேல்பரப்பில் சிஎக்ஸ்சிஆர்4, சிசிஆர்1, சிசிஆர்3, சிசிஆர்4 என்று ஏற்பிகள் உண்டு. கீமோகைன் வந்து ஒட்டியதும் சேதியை உள்ளே கடத்தும் புரதங்கள்தான் ஏற்பிகள். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்து அழற்சி ஏற்பட்ட இடத்தில் கீமோகைன் அதிகமாகச் சுரக்கும். அது தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. கூடவே பிளேட்லெட்டை உசுப்பும் ஏடிபியோ திராம்பினோ கொஞ்சம் இருந்தால்தான் எரிகிற தீயில் எண்ணெய். பிளேட்லெட்டுகள் மளமளவென ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. உசுப்பேறிய பிளேட்லெட் கொட்டும் ரான்டெஸ் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களை அங்கே நிறுத்துகிறது. அவை சுவருக்குள் புகுந்து, கொழுப்பை விழுங்கி, படிவைப் பெரிதாக்குகின்றன. ஆக, கடைசி நாளில் அடைப்பைப் போடுவதோடு பிளேட்லெட்டின் பங்கு முடிவதில்லை. வருஷக்கணக்கில் படிவு வளர்வதிலும் அதற்குக் கை உண்டு.

"அப்போ ஏற்பியை அடைத்துவிடலாமே?" என்று தோன்றும். அவ்வளவு லேசில்லை. அதே சிஎக்ஸ்சிஎல்12, சிஎக்ஸ்சிஆர்4 வழியாகப் போனால் உசுப்பும். ஏசிகேஆர்3 என்ற இன்னொரு ஏற்பி வழியாகப் போனால் அடக்கும். சிஎக்ஸ்சிஆர்4-ஐ அடைக்கும் பிளெரிக்சாஃபோர் என்ற மருந்து 2008-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குக் கொண்டுவர, இதயத்துக்கு இல்லை.

இந்த ஏற்பிகளை அளக்க எங்களைப் போன்ற லேபில் டெஸ்ட் எதுவும் கிடையாது. இதை அளப்பதாகச் சொல்லி 'ஹார்ட் பேக்கேஜ்' என்று யாராவது விற்றால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் எழுதியிருப்பார்கள். முதலாவது, பிளேட்லெட்டை உசுப்பும் இன்னொரு பொருளான திராம்பாக்சேனையும், இரண்டாவது ஏடிபியின் வேலையையும் மட்டுப்படுத்தும். கீமோகைன் ஏற்றும் வேகமும் கணிசமாக இந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்திருந்தால், பல் பிடுங்கப் போவதானாலும் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.