தோட்டத்துக் கேள்விகள்: ஆச்சி சொன்ன பானையா, கடைக்காரர் சொன்ன ஸ்பிரிங்ளரா?

கேள்வி: அண்ணாச்சி, வீட்டுக்குப் பின்னால் ஹாலோபிளாக் கல் அடுக்கி நாலு மேட்டுப்பாத்தி போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். செம்மண், தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு கலந்து நிரப்பியது. கத்திரி, வெண்டை, தக்காளிக்கு ஒவ்வொரு பாத்தி, நாலாவதில் கீரை. போர்த் தண்ணீரை மாடித் தொட்டியில் ஏற்றி ஓஸ் பிடித்து ஊற்றுகிறேன், காலையில் முக்கால் மணி நேரம் அதிலேயே போய்விடுகிறது. தண்ணீர் கொஞ்சம் உப்பு, காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். கடைக்காரர் குட்டி ஸ்பிரிங்ளர் போடச் சொல்கிறார், கொழுந்தன் சொட்டுச் சொட்டாக விடுகிற டிரிப்தான் என்கிறான், ஆச்சி மண்பானையைப் புதை என்கிறாள். யார் பேச்சைக் கேட்க?
– ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள். வள்ளியூரில் இருந்துகொண்டு ஸ்பிரிங்ளரா! ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் பணகுடிப் பக்கமும் அத்தனை காற்றாலை நிற்கிறது, அந்தக் காற்றில் பூந்தூறலாகத் தெளித்தால் பாதித் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில்தான் விழும். காற்றில்லாத மாதத்திலும் உங்கள் தண்ணீருக்கு அது ஆகாது. உப்புத் தண்ணீர் இலையில் பட்டுக் காய்ந்தால் ஓரம் கருகும். தக்காளி இலை நெடுநேரம் நனைந்து கிடந்தால் கருகல் நோய்க்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

கத்திரி, வெண்டை, தக்காளிக்கு டிரிப் போடுங்கள். கீரைக்கு வேண்டாம், பூவாளியே போதும். விதை தூவி முளைக்கிற பயிருக்கு மேல்மண் முழுக்க ஈரமாக இருக்க வேண்டும். சொட்டு விழுகிற இடத்தில் மட்டும் முளைத்தால் பாத்தி சொட்டைத் தலை மாதிரி இருக்கும். இலையில் உப்புப் படியாதா என்று கேட்பீர்கள், கீரை மூன்று நாலு வாரத்தில் பிடுங்கிவிடுகிற பயிர், அதற்குள் பெரிய கெடுதல் வராது.

இப்போது கொஞ்சம் கணக்கு. உங்கள் பாத்தி 40 சதுர அடி, அதாவது சுமார் 3.7 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். சித்திரை வெயிலில் நன்றாக வளர்ந்த செடிக்கு நாளைக்கு 6 மில்லிமீட்டர் வைத்தால் ஒரு பாத்திக்கு 22 லிட்டர், இரண்டு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான். நீங்கள் முக்கால் மணி நேரம் ஊற்றுவதில் பாதிக்குமேல் கல் இடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை உள்ள இன்லைன் குழாயை ஒரு பாத்திக்கு மூன்று வரிசை ஓடவிடுங்கள், முப்பது துளை கிடைக்கும். உங்கள் கலவை தண்ணீரைப் பக்கவாட்டில் அதிகம் பரப்பாது, நேராகக் கீழே இறக்கிவிடும், அதனால் துளைகளுக்கு இடைவெளி இதற்குமேல் வேண்டாம். மணிக்கு 2 லிட்டர் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது ஒரு கிலோ அழுத்தத்தில் கிடைக்கிற அளவு, ஒரு கிலோ அழுத்தத்துக்குத் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் மாடித் தொட்டி பாத்தியிலிருந்து நாலரை மீட்டர் உயரம் என்று வைத்தால் துளைக்கு ஒன்றேகால் லிட்டர்தான் வரும். ஒரு தம்ளரைத் துளைக்கு அடியில் ஆறு நிமிடம் வைத்து, விழுந்ததைப் பத்தால் பெருக்கினால் மணிக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றேகால் லிட்டர் கணக்கில் கோடையில் தினம் காலையில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக ஓடவிடுங்கள். கடையில் 'பிரஷர் காம்பன்சேட்டிங்' (அழுத்தம் ஏறி இறங்கினாலும் ஒரே அளவு சொட்டுகிற வகை) என்று விலை கூடியதை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள், அதற்கு வேண்டிய அழுத்தம் உங்கள் தொட்டியில் இல்லை. பாத்திக்கு ஒரு வால்வு தனித்தனியாக வையுங்கள்.

அப்புறம் பில்டர். நான் முதன்முதலில் டிரிப் போட்டபோது, மாட்டிக்கொடுத்தவர் "வீட்டுத் தோட்டத்துக்கு எதுக்கு சார் பில்டர்" என்றார், நானும் காசு மிச்சம் என்று தலையாட்டினேன். சித்திரையில் வெண்டை வரிசையில் பாதி வாடியது. நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன், கடைசியில் குழாயை அறுத்துப் பார்த்தால் துளை முழுக்க மணலும் வெள்ளைப் பொருக்கும். ஆனால் பில்டர் மணலைத்தான் பிடிக்கும், தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைப் பிடிக்காது. அந்த உப்பு துளை வாயில் தண்ணீர் காயும்போதுதான் கட்டியாகிறது. ஆகவே குழாய்மேல் வாழைச் சருகோ வைக்கோலோ நாலு விரல் கனத்துக்கு மூடிவையுங்கள். பாத்தியும் காயாது, துளையும் காயாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாய் முனை மூடியைக் கழற்றித் தண்ணீரை வேகமாக ஓடவிடுங்கள்.

உப்பில் இன்னொரு விஷயம், இதை அதிகம் பேர் சொல்வதில்லை. டிரிப்பில் ஈரம் எதுவரை பரவுகிறதோ அந்த விளிம்பில் உப்பு போய்ச் சேர்ந்து நிற்கும். புரட்டாசிக் கடைசியில் ஒரு சின்னத் தூறல் போட்டதும் 'மழை வந்துவிட்டது' என்று வால்வை மூடுவோம். அந்தத் தூறல் விளிம்பில் நின்ற உப்பை வேர்ப்பக்கம் தள்ளிவிடும், செடி மழையில் நனைந்தபடியே வாடும். தூறல் நாளில் டிரிப் ஓடட்டும். ஐப்பசியில் நல்ல மழை இரண்டு பெய்து உப்பைக் கீழே கழுவிய பிறகு மூடுங்கள்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கத்திரி இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஓஸைத் தூக்காதீர்கள். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் அது வெறும் வெயில் சோர்வு. மறுநாள் காலையிலும் தொங்கினால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்.

சரி, ஆச்சி. ஆச்சி சொன்னது சரியான வழிதான், மண் காயக் காயப் பானை தானாகக் கசியும். ஆனால் 40 சதுர அடிக்கு மூன்று நாலு பானை வேண்டும், கொத்தும்போது இடிபடும், உங்கள் தண்ணீருக்கு நாளடைவில் அதன் கண்ணும் அடைபடும். பாத்தி மூலையில் பீர்க்கனோ புடலோ ஏற்றுவதாக இருந்தால் அங்கே இரண்டு பானை புதையுங்கள். கல்யாணம் காட்சி என்று நாலு நாள் ஊருக்குப் போனாலும் கொடி தாங்கும். காருக்குறிச்சிப் பானை கிடைத்தால் நல்லது; எந்தப் பானையானாலும் வாங்கியதும் தண்ணீர் நிறைத்து ராத்திரி வைத்துப் பாருங்கள், காலையில் வெளிப்பக்கம் வியர்த்திருக்க வேண்டும். பெயின்ட் அடித்தது வேண்டாம். வாயை மூடிவையுங்கள், இல்லாவிட்டால் கொசு.

கேள்வி: கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயலோரம் 10 சென்டில் மண் அணைத்து மேட்டுப்பாத்தி எடுத்திருக்கிறேன். களிமண். டிரிப் போடலாமா?
– ஒரு வாசகர், வீரவநல்லூர்

பதில்: கால்வாயில் தண்ணீர் வருகிற வரைக்கும் வேண்டாம். களிமண்ணில் பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே வாய்க்கால் எடுத்து முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் பக்கவாட்டில் தானாக ஊறிக்கொள்ளும், ராத்திரி முழுக்கத் தேக்காமல் வடித்துவிடுங்கள். கால்வாய்த் தண்ணீரில் வண்டலும் பாசியும் இருக்கும், அதற்கு மணல் பில்டர் வைத்தால் 10 சென்ட் கத்திரிக்காய் விற்று அந்தக் காசை எடுக்க முடியாது. கால்வாய் அடைத்த பிறகு கிணற்றுத் தண்ணீர்தான் என்றால் அப்போது எழுதுங்கள். கிணறு எவ்வளவு ஆழம், மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்பதையும் சேர்த்து.