ஒளிந்தே கிடக்கும் மீன்கள்: கேள்வி பதில்

கேள்வி: 2 அடி தொட்டியில 4 நியான் டெட்ரா விட்டு நாலு நாளாச்சு சார். ஃபில்டர் பின்னாடியே நிக்குது. அடியில வெள்ளைக் கல், செடி எதுவும் வைக்கல.

பதில்: வெள்ளைத் தரை, மேலே பளீரென்ற எல்இடி. கொக்குக்குப் பயப்படும் மீனை வெட்டவெளியில் நிறுத்தியிருக்கிறீர்கள். நியான், அமேசான் பகுதியில் மரநிழல் விழும் கறுத்த ஓடைகளைச் சேர்ந்த இனம். தொட்டியின் பின்பக்கமும் இரு ஓரங்களும் வெளியிலிருந்து கறுப்பு சார்ட் ஒட்டுங்கள். அடியில் கறுத்த மணல். நீர்ப்பரப்பில் பாதியை மூடுமளவு மிதக்கும் செடி. குளத்தில் அள்ளிய செடியென்றால் இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். தட்டான் புழு ஒன்று வந்தால் சின்ன மீன்களைப் பிடித்துத் தின்றுவிடும். விளக்கு 6 மணி நேரம் போதும். அறை விளக்கைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள்.

4 என்பது கூட்டமே இல்லை. 10 ஆக்குங்கள். ஒரேயடியாக வேண்டாம், வாரம் 3 வீதம். நீரைச் சோதித்து, அம்மோனியா, நைட்ரைட் (மீன் கழிவிலிருந்து உருவாகும் நச்சுகள்) இரண்டும் 0 காட்டினால் மட்டும்.

கேள்வி: ஒளிய இடம் இருக்கறதாலதானே ஒளியுது? குகையை எடுத்துட்டா?

பதில்: எடுக்காதீர்கள். மூலையில் ஒதுங்கும், நிறம் வெளுக்கும், தீனியைத் தொடாது. ஓடி ஒளிய இடம் பக்கத்தில் இருந்தால்தான் மீன் நடுவுக்கு வரும். குகைக்குள் போகும் மீன் மூன்று என்றால் குறைந்தது நாலு குகை வேண்டும். நார் சுரண்டிக் கொதிக்கவைத்த தேங்காய்ச் சிரட்டையே போதும்.

கேள்வி: 3 அடி தொட்டியில் கிரிபென்சிஸ் ஜோடி மட்டும் இருக்கு அண்ணா. ஆள் நடந்தாலே உள்ளே ஓடிடுது.

பதில்: முதலில் பெண் மீனின் வயிற்றைப் பாருங்கள். அடர்ந்த செர்ரி நிறமாகி, குகையை விட்டு நகராமல் இருந்தால் அது பயமில்லை, முட்டை. விட்டுவிடுங்கள், பத்து நாளில் குஞ்சுகளோடு வெளியே வரும்.

முட்டை இல்லையென்றால் மேல்மட்டத்தில் நீந்தும் 8 ஜீப்ரா டேனியோ விடுங்கள். மேலே சின்ன மீன்கள் பதறாமல் சுற்றினால், பக்கத்தில் வேட்டை மீன் இல்லை என்று கீழே இருக்கும் ஜோடி புரிந்துகொள்ளும். டைகர் பார்ப் வேண்டாம், துடுப்பைக் கடிக்கும். ராம் என்ற சின்ன சிக்லிட் மீன் ஜோடிக்கு இதையே செய்கிறவர்கள் ஜீப்ராவைத் தவிர்க்க வேண்டும்: ராமுக்கு 28 டிகிரி வேண்டும், ஜீப்ரா அதைவிடக் குளிர்ந்த நீர் மீன். அங்கே ரம்மிநோஸ் டெட்ரா பொருந்தும்.

பலர் சறுக்குவது தீனியில்தான். ஜீப்ரா எல்லாவற்றையும் மேலேயே முடித்துவிடும். ஒரு ஓரத்தில் மிதக்கும் தீனி போட்டு அவற்றை இழுத்துக்கொண்டு, அதே நேரம் குகை வாயருகே மூழ்கும் பெல்லட் போடுங்கள்.

கேள்வி: கூலி லோச் 2 வாங்கினேன். ஒரு மாசமா கண்ணிலேயே படல.

பதில்: இரவில் உலாவும் மீன், அதிலும் இரண்டே இரண்டு. 6 ஆக்குங்கள், கூர்மையில்லாத மெல்லிய மணல் போடுங்கள். விளக்கணைத்து அரை மணி கழித்து மூழ்கும் தீனி போட்டு, மங்கலான சிவப்பு விளக்கில் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் ஃபில்டரைத் திறந்து தேடுங்கள். உறிஞ்சும் குழாய் வழியே உள்ளே புகுந்திருக்கலாம். குழாய் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள்.

கேள்வி: பாதாம் இலை போட்டா பயம் போகுமா?

பதில்: நீர் தேநீர் நிறமாகி வெளிச்சம் குறைவதால் உதவும். தெருவோர நாட்டு வாதுமை மரத்தில் தானாக உதிர்ந்து பழுப்பான இலை, 40 லிட்டருக்கு ஒன்று, கழுவிப் போடுங்கள். பச்சை இலை கூடாது. மூன்று வாரத்தில் மாற்றுங்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் நிறத்தை உறிஞ்சிவிடும், அதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு மாசமா கையில வந்து சாப்பிட்ட ஏஞ்சல், நேத்துலேர்ந்து மூலையில.

பதில்: இது கூச்சமே இல்லை. இலை, குகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இன்றே நீரைச் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0-க்கு மேல் இருந்தால், குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலை நீரால் பாதியை மாற்றுங்கள், தீனியை ஒருநாள் நிறுத்துங்கள். நீர் சரியென்றால் துடுப்பு மடங்கியிருக்கிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா, வேறு ஏஞ்சல் துரத்துகிறதா என்று கால் மணி நேரம் தள்ளி உட்கார்ந்து கவனித்து எழுதுங்கள்.