யோங்லே பேரரசர்: கேளுங்கள், சொல்கிறேன்

சீனாவை ஆண்ட மிங் வம்சத்தின் மூன்றாம் பேரரசர் யோங்லே (ஆட்சி 1402–1424) பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அண்ணா, அண்ணன் மகனின் அரியணையைப் பிடுங்கியவர்தானே இவர்?

அவரேதான். இயற்பெயர் ஜூ டி. வம்சத்தை நிறுவிய ஹோங்வூவின் நான்காவது மகன். மூத்தவர் முன்பே போய்ச் சேர்ந்ததால், 1398-இல் பேரன் ஜியான்வென் பட்டத்துக்கு வந்தார். வந்த கையோடு சித்தப்பாக்களை ஒவ்வொருவராக ஒடுக்கத் தொடங்கினார். இன்றைய பெய்ஜிங்கில் இருந்த ஜூ டி பைத்தியம்போல் நடித்தார். நலம் விசாரிக்க வந்த அதிகாரிகள் முன்னால், கொளுத்தும் கோடையில் கணப்பை ஒட்டி உட்கார்ந்து 'ரொம்பக் குளிருது' என்று நடுங்கினாராம். 1399-இல் படை திரட்டினார். 1402-இல் தலைநகர் நான்ஜிங் விழுந்தது, அரண்மனை எரிந்தது.

அந்தப் பையன் தப்பித்தானா?

கருகிய ஓர் உடலைக் காட்டி அவர்தான் என்று அடக்கம் செய்தார்கள். ஊர் நம்பவில்லை. துறவி வேடத்தில் தப்பினார் என்ற கதை பல நூற்றாண்டு ஓடியது. யோங்லே அதைவிட ஒருபடி மேலே போய், அண்ணன் மகனின் ஆட்சியே நடக்காததுபோல் 1402-ஐ 'ஹோங்வூவின் 35-ஆம் ஆண்டு' என்று எழுத வைத்தார். ஹோங்வூ இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது!

பெய்ஜிங் அரண்மனையான தடைசெய்யப்பட்ட நகரத்தைக் கட்டியது இவரா?

ஆம். 1420-இல் முடிந்தது. 1421 மே மாதமே மின்னல் விழுந்து மூன்று பெரிய மண்டபங்களும் எரிந்தன.

இலங்கையில் இவர் பெயரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறதாமே, ஐயா?

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். தளபதி செங் ஹேயின் கப்பல்களில் சீனாவிலிருந்து வந்த கல். 1409 என்று தேதியிட்டது. ஒரே கல்லில் மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரை, அதாவது விஷ்ணுவை. பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்கானது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் உண்டு. சீனப் பகுதியில் பொன் 1,000 சியன் (சீன எடை அளவு), வெள்ளி 5,000 சியன். யார் மனதும் நோகக் கூடாது என்ற கணக்கு! 1911-இல் இலங்கையின் காலி (Galle) நகரில் ஒரு மதகை மூடும் பலகையாகக் குப்புறக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

ரொம்பவும் நெகிழ வேண்டாம். அதே செங் ஹே, இலங்கையில் அதிகாரம் செலுத்திய அழகேசுவரனோடு போரிட்டு, அவனைப் பிடித்து 1411-இல் நான்ஜிங்குக்குக் கொண்டுபோனார். பேரரசர் மன்னித்து விட்டுவிட்டார்.

எப்படி இறந்தார்?

1424-இல், ஐந்தாவது மங்கோலியப் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில். விஷயம் வெளியே தெரிந்தால் கலகம் வெடிக்கும் என்று உடனிருந்தவர்களுக்குப் பயம். வெள்ளீயத்தை உருக்கிப் பெட்டி செய்து உடலை அதற்குள் வைத்தார்கள். பட்டத்து இளவரசருக்கு ரகசியமாக ஆள் போனது. அப்புறம் படை வழக்கம்போல் நடந்தது. தங்கிய இடமெல்லாம் காலையும் மாலையும் பேரரசருக்குச் சாப்பாடு போய்க்கொண்டே இருந்தது.