காக்காவும் தாத்தாவும்

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. 'க' எல்லாம் 'த' ஆகிவிடுகிறது. காக்காவைத் தாத்தா என்கிறாள், கதவைத் ததவு என்கிறாள். 'ர'வும் வரவில்லை. தினமும் அரைமணி நேரம் உட்கார வைத்து, "க சொல்லு" என்று சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது என்னைப் பார்த்தாலே ஓடி ஒளிகிறாள். என்ன செய்வது?

பதில்: நானாக இருந்தாலும் ஒளிந்துதான் இருப்பேன்! ஐந்தைந்து நிமிடமாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும்.

முதல் வாரம் அவளை எதையும் சொல்லச் சொல்லாதீர்கள். அவள் காதுக்கு வித்தியாசம் பிடிபடுகிறதா என்று பாருங்கள். ஒரு தாளில் காக்கா, இன்னொன்றில் தாத்தா வரையுங்கள். (நான் வரையும் காக்கா கோழி மாதிரி இருக்கும், பிள்ளைகள் கண்டுகொள்வதில்லை.) நீங்கள் சொல்ல, அவள் படத்தைத் தொட வேண்டும். தடுமாறாமல் தொட ஆரம்பித்ததும் ஆட்டத்தைத் திருப்புங்கள்: அவள் கேட்க, நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். காக்காவை நினைத்துக்கொண்டு "தாத்தா" என்பாள். திருத்தாமல் தாத்தா படத்தையே நீட்டுங்கள். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! தான் சொன்னது வேறாகக் கேட்டிருக்கிறது என்று அவளுக்கே அப்போதுதான் உறைக்கும். அப்புறம் கண்ணீர்–தண்ணீர், கட்டு–தட்டு என்று ஜோடிகளைக் கூட்டலாம்.

'க' பிறப்பது நாக்கின் பின்பகுதியில். நுனி சும்மா கிடக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் நாக்கு தானாகப் பின்னே சரியும். அப்படியே படுத்துக்கொண்டு "அக்", "இக்" என்று இருவரும் சொல்லிப் பாருங்கள். அது வந்தபிறகு 'கா', பிறகு சொல், பிறகு வாக்கியம். அவசரம் வேண்டாம்.

விசில் ஊதச் சொல், ஸ்ட்ராவில் உறிஞ்சச் சொல் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு டப்பா நிறைய விசில் வைத்திருந்தேன். பிள்ளைகள் பிரமாதமாக விசில் ஊதினார்கள். 'க' மட்டும் வரவில்லை.

மற்ற நேரங்களில் "ததவு" என்றால், "ஆமாம், கதவு திறந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். விருந்தாளிகள் முன்னால் சொல்லிக் காட்டச் சொல்லவே கூடாது.

'ர' தாமதமாகத்தான் வரும், இப்போதைக்கு விடுங்கள். ஆனால் நாலு வயதைத் தாண்டியும் 'க' வராததால், ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிடுங்கள். அதற்கு முன் காதுகேட்கும் திறனைச் சோதித்துவிடுவது நல்லது; அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் சேரும் பிள்ளைகளுக்கு ஒலிகள் மங்கலாகக் கேட்கும். போகும்போது அந்த இரண்டு படங்களையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.