படிப்பு ரத்தத்தில் வருவதா?

அன்புள்ள சார்,

மகள் எட்டாம் வகுப்பு. கணக்கில் திணறுகிறாள். ஒரு கல்யாண வீட்டில் மாமா ஒருவர், “படிப்பு ரத்தத்துல வரணும் மக்களே, பனையேறிக் குடும்பத்துக்கு அது எங்க இருந்து வரும்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அறிவுத்திறனில் 80 விழுக்காடு மரபணுதான் என்று நானும் வாசித்திருக்கிறேன். அப்படியானால் டியூஷனுக்கு அனுப்பி என்ன பயன்?

எஸ்., திங்கள்சந்தை

அன்புள்ள எஸ்.,

மாமா சொன்னது தவறு. நீங்கள் வாசித்த எண், பெரியவர்களிடம் நடந்த சில இரட்டையர் ஆய்வுகளில் வந்ததுதான். ஆனால் உங்கள் மகளின் மூளையில் எண்பது பங்கு மரபணு, இருபது பங்கு வளர்ப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் மரபணு வித்தியாசத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டுமே அது சொல்கிறது. சூழல் மாறினால் எண்ணும் மாறும். 2003இல் எரிக் டர்க்ஹைமர் என்ற உளவியலாளரின் குழு அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையரைப் பார்த்தபோது, ஏழை வீடுகளில் மரபணுவின் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம். வசதியான வீடுகளில் அதுவே பெரும்பங்கு. (ஐரோப்பிய ஆய்வுகளில் இந்த வித்தியாசம் இவ்வளவு தெளிவாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் ஐ.க்யூ. (அறிவுத்திறன் தேர்வின் மதிப்பெண்) ஏறியதை ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் காட்டினார். அந்த வேகத்தில் மரபணு மாறாது.

நம் மாவட்டத்தையே பாருங்கள். மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் பணி தொடங்கிய காலத்தில், பனையேறிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி வாசலே கிடையாது. 2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு சுமார் 92 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். இடையில் ரத்தம் மாறவில்லை. பள்ளிக்கூடம் வந்தது, அதில் நுழையும் உரிமையைப் போராடி வாங்கினார்கள்.

அந்தப் பனையேறிக்கு அறிவு இல்லை என்று யார் அளந்தார்கள்? எந்தப் பாளை எப்போது பதமாகும், எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும், அக்கானி (பதநீர்) புளிக்காமல் இருக்கக் கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு பூச வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. சுண்ணாம்பு குறைந்தால் கள்ளாகிவிடும், கூடினால் கருப்பட்டி கெட்டுவிடும். ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியாக இதை நினைவில் வைத்திருந்தார். ஐ.க்யூ. தாளில் இதற்குக் கேள்வி இல்லை. அது பள்ளி பழக்கும் சிந்தனையை, காணாத ஒன்றை வைத்து யோசிப்பதை, அளக்கிறது. அதனால்தான் பள்ளிக்குப் போனால் ஐ.க்யூ. மதிப்பெண் ஏறுகிறது.

பிள்ளைக்குப் பிள்ளை பிறவி வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் எல்லையைக் குடும்பத் தொழிலை வைத்துச் சொல்ல எந்த அறிவியலும் இல்லை. டியூஷனுக்கு அனுப்புங்கள். அதற்கு முன் அவளோடு உட்கார்ந்து ஐந்தாம், ஆறாம் வகுப்புக் கணக்குகளைப் போடச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் பின்னத்தில்தான் பிடி விட்டுப்போயிருக்கும். மாமா சொன்னது அவள் காதில் விழுந்திருந்தால், அது பொய் என்று இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள்.