வாய் ஜெபிக்கிறது, மனசு எங்கோ நிற்கிறது
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இருபது வருஷமாகத் தனிஜெபம் செய்கிறேன். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று வாய் தன்பாட்டுக்கு ஓடுகிறது. ஐந்து நிமிஷத்தில் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை. தேவனோடு நெருக்கம் என்கிறார்களே, அது எனக்கு வாய்க்கவே இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: சொந்த வார்த்தை தீர்ந்துவிட்டால் கடன் வாங்குங்கள். அதற்கென்றே வேதத்தில் 150 சங்கீதங்கள், அதாவது ஜெபப் பாட்டுகள், இருக்கின்றன. இயேசுவே சிலுவையில் கதறியது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான்.

13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். வாய்விட்டு, மெதுவாக, இரண்டு தரம் வாசியுங்கள். மனசுக்குள் வாசித்தால் தெரிந்த வரிகளைக் கண் தாண்டிப் போய்விடும். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற சொல் நாலு தரம் வருகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று எடுத்த எடுப்பிலேயே முறையீடு. அங்கே நிறுத்தி, உங்கள் வீட்டு "எதுவரைக்கும்" எது என்று யோசியுங்கள். மகனுக்கு இன்னும் அமையாத வேலையா, மாமியாரின் டயாலிசிஸா? அதை ஆள் பெயரோடு, கிழமையோடு சொல்லுங்கள். "குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொன்னால் மனசு அடுப்படிக்கு ஓடிவிடும். "வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வருகிறது, எனக்குப் பயமாயிருக்கிறது" என்று சொல்லும்போது ஓடாது.

மூன்றாம், நாலாம் வசனங்கள் விண்ணப்பம். இங்கே ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். ஐந்தாம் வசனத்தில், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று பாட்டு சட்டென்று திரும்புகிறது. பாடுகிறவனை நெருக்கிய சத்துரு போய்விட்டதாகச் சங்கீதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. பாடுகிறவன் மட்டும் திரும்பியிருக்கிறான். இந்தக் கடைசி இரண்டு வசனங்களையும் இன்றைக்கு மனசாரச் சொல்ல முடியவில்லையா? வாசித்துவிட்டு விட்டுவிடுங்கள், நடிக்க வேண்டாம். 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே இருக்கிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

முடிவில் இரண்டு நிமிஷம் சும்மா இருங்கள். குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்ட வேண்டாம். வாசித்ததில் மனசில் ஒட்டிக்கொண்ட ஒரு சொல்லோடு உட்கார்ந்திருந்தால் போதும். மூன்று நிமிஷம் வாசிப்பு, ஐந்து நிமிஷம் பேச்சு, இரண்டு நிமிஷம் மௌனம், மொத்தம் பத்து. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் "இனிமேல் தினம் ஒரு மணி நேரம்" என்று பொருத்தனை பண்ணி, தைப்பூச விடுமுறைக்கு முன்னாலேயே விட்டுவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். ஒரு மணி நேரம் தவறினால் மறுநாள் உட்காரவே கூச்சமாயிருக்கும். பத்து நிமிஷம் தவறினால் அப்படியில்லை.

ஸ்தோத்திரம் சொல்வதில் தப்பில்லை. அது மூச்சு வாங்குவதற்கான இடைச்சொல் ஆகிவிட்டதுதான் கோளாறு. மத்தேயு 6:7-இல் வீண்வார்த்தைகளை அலப்பாதிருக்கச் சொன்னது இதைத்தான். எதற்காக ஸ்தோத்திரம் என்பதையும் ஒவ்வொரு தரமும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் திக்கும்.

கேள்வி: புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாளுக்கு வருஷம் தவறாமல் நவநாள் (ஒன்பது நாள் ஜெபம்) செய்கிறேன். ஜூலை 26 முடிந்ததும் எல்லாம் வடிந்துவிடுகிறது. மெதடிஸ்ட் சபையிலிருக்கும் நாத்தனார் இதெல்லாம் எதற்கு என்கிறார்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நாத்தனாரோடுள்ள வழக்கை இந்தப் பக்கத்தில் தீர்க்க முடியாது, புனிதர்களின் பரிந்துரையைப் பற்றி இரு சபைகளுக்கும் நெடுநாளாகவே கருத்து வேறுதான். ஒன்பது நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் பாருங்கள். ஆண்டவரின் விண்ணேற்றத்துக்கும் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்கும் நடுவில் சீடர்கள் ஒருமனப்பட்டு ஜெபத்தில் காத்திருந்த நாட்கள் அவை (அப்போஸ்தலர் 1:14). அவர்களுக்குப் பத்தாம் நாளில்தான் வேலையே ஆரம்பித்தது. நவநாள் முழுக்க எந்த நேரத்தில் உட்கார்ந்தீர்களோ, ஜூலை 27 அன்றும் அதே நேரத்தில் உட்காருங்கள். மெழுகுவர்த்தி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர வேலை, இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. அதிகாலை ஜெபம்தான் ஜெபம் என்கிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து காலை ஏழரைக்கு வீடு வந்தால் முழங்காலில் நின்றபடியே தூங்கிவிடுகிறேன். இது பாவமா?
– வாசகர், சுங்கை நிபோங்

பதில்: பாவமில்லை, களைப்பு. இருட்டோடே எழுந்து ஜெபித்த இயேசுதான் (மாற்கு 1:35) இராமுழுவதும் மலையிலும் ஜெபித்தார் (லூக்கா 6:12). பவுலும் சீலாவும் சிறையில் ஜெபித்துப் பாடியது நடுராத்திரியில். ஆலயத்தில் இராக்காலங்களில் நிற்கும் ஊழியக்காரருக்கென்றே ஒரு சங்கீதம் இருக்கிறது: 134. மூன்றே வசனம். எழுதி லாக்கர் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள்.

ஷிப்டு மாறும் ஆளுக்குக் கடிகாரத்தை நம்பிய ஜெபம் நிலைக்காது. எந்த ஷிப்டிலும் மாறாத ஒரு செயலோடு அதைக் கட்டுங்கள். தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என்று வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை வரிவரியாக நிறுத்திச் சொல்லுங்கள். "அன்றன்றுள்ள எங்கள் ஆகாரம்" என்ற இடத்தில் ஓவர்டைம் காசு, வீட்டு வாடகை எல்லாவற்றையும் வையுங்கள். "எங்கள் கடன்காரருக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் சூப்பர்வைசர் முகம் வரும். வரட்டும், அவசரமாகத் தாண்டாதீர்கள்.

வேலை முடிந்து வந்ததும் முழங்கால் வேண்டாம். தாவீது உட்கார்ந்து ஜெபித்தார் (2 சாமுவேல் 7:18), நின்று ஜெபிப்பதை மாற்கு 11:25 பேசுகிறது. முகம் கழுவி, நின்றபடி இரண்டு வாக்கியம்: இன்று நன்றி சொல்ல ஒன்று, மன்னிப்புக் கேட்க ஒன்று. அப்புறம் படுங்கள். நித்திரையும் அவர் அளிப்பதுதான் என்கிறது 127-ஆம் சங்கீதம். பத்து நிமிஷ வாசிப்பை ஓய்வு நாட்களுக்கு, தூங்கி எழுந்து பசியாறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சபை வாட்ஸ்அப்பில் வரும் ஜெபக்குறிப்புகளில் 60 பெயர் சேர்ந்துவிட்டது. பட்டியல் வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது.
– வாசகர், ஜார்ஜ் டவுன்

பதில்: 60 பேரையும் ஒரே நாளில் தூக்காதீர்கள். ஏழு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது பேர். ஒரு ரிங்கிட் நோட்டு அளவுக்குச் சிறிய தாள் போதும்: பெயர், ஒரே விண்ணப்பம், எழுதிய தேதி. "சுகம் வேண்டும்" என்று எழுதாமல் "முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் நடக்க வேண்டும்" என்று எழுதுங்கள்; இல்லையென்றால் கேட்டது கிடைத்ததா என்று உங்களுக்கே தெரியாது. மாதக் கடைசியில் தேதிகளைப் பார்த்து, முடிந்ததை அடித்துவிட்டு நன்றி சொல்லுங்கள். ஆறு மாதமாக அசையாத பெயர் இருந்தால் அந்த ஆளுக்கு ஒரு போன் போடுங்கள். குறிப்பை இன்னொரு குழுவுக்கு அனுப்புமுன் அவரிடம் கேட்டுவிடுங்கள். ஜெபக்குறிப்பு என்ற பெயரில்தான் நம் சபைகளில் பாதி வம்பு நடக்கிறது.