வாகனக் கேள்வி – பதில்: டைமிங் பெல்ட்டை நானே மாற்றலாமா?

கேள்வி: 1997 ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா கொரோலா 110 பெற்றோல் கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். மீட்டர் 162,000 கிலோமீற்றர் காட்டுகிறது. டைமிங் பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது விற்றவருக்கே தெரியவில்லை. ஒயில் மாற்றுவது, பிறேக் வேலை பார்ப்பது எல்லாம் நானே செய்து பழகியவன். இந்த பெல்ட்டையும் நானே மாற்றலாமா? கல்முனையில் மூன்று கடைகளில் கேட்டேன். ஒரே பெல்ட்டுக்கு மூன்று விலை சொல்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: மாற்றலாம். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை உங்களுடையது. அத்துடன் உங்கள் காரில் 5ஏ-எப்ஈ எஞ்சின் இருக்குமானால் இந்த வேலையைக் கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல எஞ்சின் கிடைப்பது அரிது. டைமிங் பெல்ட் என்பது, பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒரே கணக்கில் ஓட வைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட். 5ஏ-எப்ஈ எஞ்சினில் ஓடும்போது அது அறுந்தாலும் பிஸ்டன் வால்வில் மோதுவதில்லை. கார் வழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். புதிய பெல்ட்டைப் போட்டால் பெரும்பாலும் மீண்டும் ஓடும். ஆனால் 110 என்ற பெயரில் டீசல் எஞ்சின் பூட்டிய கார்களும் நம் பக்கம் உண்டு. அவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆகவே ஒரு நட்டையும் கழற்றுவதற்கு முன்னர் எஞ்சின் இலக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மீட்டர் காட்டும் கணக்கை நீங்கள் நம்பவே வேண்டாம். இந்த வகை பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். ஆனால் ரப்பர் ஓட்டத்தால் மட்டும் முதுமையடைவதில்லை. வெப்பத்தாலும் காலத்தாலும் எஞ்சினிலிருந்து கசியும் ஒயிலாலும் முதுமையடைகிறது. வரலாறு தெரியாத காரை வாங்கியவர் அந்த வாரமே பெல்ட்டை மாற்றிவிட்டு, அன்றைய மீட்டர் எண்ணையும் திகதியையும் ஒரு தாளில் எழுதி எஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டி வைக்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்கள் கைமாறிக் கைமாறி ஓடியிருக்கின்றன. அவற்றின் பெல்ட்டுகளுக்கு எவரும் கணக்கு வைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

இனிப் பாகங்கள். பெல்ட்டை மட்டும் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பெயரிங், அதன் ஸ்பிரிங், ஒயில் வெளியே கசியாமல் தடுக்கும் வளையங்களான கிராங்க் முன்பக்க ஒயில் சீல், கேம் ஒயில் சீல் ஆகிய நான்கும் பெல்ட்டுடன் சேர்ந்தே மாற வேண்டியவை. புதிய பெல்ட்டின் மீது பழைய சீலிலிருந்து ஒயில் வடிந்தால் ரப்பர் ஊறிப் பற்கள் இளகிவிடும். பழைய பெயரிங் இறுகினால் புதிய பெல்ட்டே தேய்ந்து அறும். உங்கள் எஞ்சினில் வோட்டர் பம்ப் வெளி பெல்ட்டினால்தான் ஓடுகிறது என்றாலும், அதிலிருந்து தண்ணீர் கசிந்த வெள்ளைத் தடம் தெரிந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

மூன்று விலைக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று பொருள்களாக இருப்பதுதான். பெல்ட்டில் மிட்சுபோஷி, பண்டோ, கேட்ஸ் யுனிட்டா. பெயரிங்கில் கோயோ, என்எஸ்கே, என்டிஎன். சீலில் என்ஓகே: இவை நெடுங்காலமாகப் பெயர் பெற்ற தயாரிப்புகள். டொயோட்டா பெட்டியில் வரும் பாகத்தைத்தான் வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். ஆனால் இந்தப் பெயர்கள் அச்சிட்ட பெட்டிகளுக்குள் போலிப் பொருள்களும் வருகின்றன என்பதே தொல்லை. ஆகவே பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், பெல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெட்டியிலுள்ள பாக இலக்கமும் பெல்ட்டின் முதுகில் அச்சிட்டுள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்து நேராகவும் ஒரே அழுத்தத்திலும் இருக்க வேண்டும். பற்களின் மேல் ஒட்டிய துணி எங்கும் பிரியாமல், பல்லின் அடிமடிப்பு வரை இறுகப் படிந்திருக்க வேண்டும். ஓரத்தில் வெட்டிய இடத்தில் உள்ளிருக்கும் கண்ணாடியிழை நூல் பிசிறாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அந்த பெல்ட்டைக் கடைக்காரரின் மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கடை முகப்பில் ஆணியில் தொங்கவிட்டு வெயிலில் காய்ந்த பெல்ட்டையும் வாங்காதீர்கள், எத்தனை நல்ல பெயர் அதில் இருந்தாலும் சரி. இந்த பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ உட்புறம் வெளியே வரும்படி புரட்டவோ கூடாது. ஒருமுறை கூர்மையாக மடிந்தால் உள்ளிருக்கும் இழை முறிந்துவிடும், வெளியே ஒரு குறையும் தெரியாது.

பெயரிங்கில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பிரபலமான ஜப்பான் பெயர் போட்ட பெட்டியில், வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைத்த டென்ஷனர் பெயரிங் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். நான்காவது மாதம் காலையில் கார் கிளம்பும்போது சில்வண்டு கத்துவதைப் போன்ற சத்தம் கேட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கிறீஸ் காய்ந்து கரும்பொடியாகிக் கிடந்தது. அன்றிலிருந்து நான் கடையிலேயே பெயரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்க்கிறேன். உள்ளே கிறீஸ் நிறைந்த நல்ல புதிய பெயரிங் சற்றுக் கனமாக, ஓசையின்றிச் சுழன்று சீக்கிரம் நின்றுவிடும்; காய்ந்த பெயரிங் மின்விசிறி போலக் கரகரவென்று நெடுநேரம் சுற்றும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்கள் மலிவாகக் கிடைக்கும் என்று உங்களிடம் யாரேனும் சொல்லக்கூடும். அங்கிருந்து பெல்ட்டை மூடும் டைமிங் கவரும், பெல்ட் ஓடும் சக்கரமான புலியும், போல்ட்டும் வாங்கலாம். பழைய பெல்ட்டையும் பழைய பெயரிங்கையும் ஒருபோதும் வாங்கக் கூடாது.

கவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கார்களைத் திறக்கும்போது நான் அதிகம் காண்பது, கீழ்க் கவர் உடைந்தோ முந்தைய மெக்கானிக் அதைத் திரும்பப் பூட்டாமல் விட்டோ இருப்பதைத்தான். மாரி மழையில் தண்ணீர் தேங்கிய வயல் வீதிகளில் ஓடும்போது சேறும் சிறுகல்லும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. பெல்ட்டின் பல்லுக்கும் புலிக்கும் இடையில் பட்டாணி அளவு கல் ஒன்று சிக்கினாலே போதும், பெல்ட் ஒரு பல் தாவிவிடும். கவர் இல்லையென்றால் முதலில் கவரைத் தேடுங்கள், பிறகு பெல்ட்டை.

வேலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, பின் ரயர்களுக்குக் கட்டை வைத்து, வலப்பக்க முன் சில்லைக் கழற்றி, காரை ஜக்கில் மட்டும் விடாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வலப்பக்க எஞ்சின் மவுண்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் ஒயில் பாத்திரத்தின் கீழே பலகை ஒன்றை வைத்து அதன் மேல் எஞ்சினைத் தாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டால் கிராங்கைக் கையால் திருப்புவது எளிது. கிராங்க் போல்ட்டைத் தளர்த்துவதற்கு ஸ்பேனரைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்துச் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரால் உதறும் வழக்கம் பல கராஜ்களில் உண்டு. அதை நீங்கள் செய்யாதீர்கள். ஸ்பேனர் நழுவினால் கையெலும்பு முறியும். புலியைப் பிடிக்கும் கருவியை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள்.

இந்த வேலையின் உயிர் குறிகளில் இருக்கிறது. கிராங்க் புலியிலுள்ள கீறல் கீழ்க் கவரிலுள்ள பூச்சியக் குறிக்கு நேராக வர வேண்டும். அதே வேளையில் கேம் புலியிலுள்ள சிறு துளை வழியாகப் பார்த்தால், பின்னால் பெயரிங் மூடியிலுள்ள குறி அந்தத் துளைக்கு நேராகத் தெரிய வேண்டும். கீழே பொருந்தி மேலே பொருந்தாவிட்டால் கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள், ஏனென்றால் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்றுச் சுற்றும். இரண்டும் பொருந்திய பிறகு, பழைய பெல்ட் இருக்கும்போதே வெள்ளை பெயின்ட்டால் குறியிட்டுப் படமும் எடுத்து வையுங்கள். பெல்ட்டைக் கழற்றிய பின் கேமையோ கிராங்கையோ தனியாகத் திருப்பாதீர்கள்.

புதிய பெல்ட்டைப் போட்டு டென்ஷனரை ஸ்பிரிங் தானே இழுக்கும்படி விட்ட பிறகு, கிராங்கைக் கடிகாரம் சுற்றும் திசையில் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுத் திருப்புங்கள். எதிர்த்திசையில் திருப்பக் கூடாது. தளர்ந்த பக்கத்தில் பெல்ட் தாவும். இரண்டு சுற்றின் பின்னும் குறிகள் நேராக இருந்தால் மட்டுமே டென்ஷனர் போல்ட்டை 37 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். அரைப் பல் விலகியது போலத் தோன்றினாலும் பெல்ட்டைக் கழற்றி மீண்டும் போடுங்கள். கிராங்க் புலிக்குப் பின்னாலுள்ள வழிகாட்டித் தகட்டின் குழிந்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். கிராங்க் போல்ட்டின் இறுக்கம் 118 நியூட்டன் மீட்டர். இவற்றுக்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பேனர் கட்டாயம் தேவை. கை உணர்வை நம்பி இறுக்கிய கிராங்க் போல்ட் தளர்ந்து, புலியைத் தண்டில் நழுவாமல் பிடிக்கும் சாவிப் பள்ளம் சிதைந்து வந்த கார்களை நான் கண்டிருக்கிறேன்; அதன் செலவு பெல்ட்டின் செலவைப் போலப் பல மடங்கு.

கேள்வி: எங்களிடம் 3எல் டீசல் எஞ்சின் உள்ள டொல்பின் வான் இருக்கிறது. ஒரு மாதமாக மீட்டரில் டி-பெல்ட் விளக்கு எரிகிறது. தெரிந்த ஒருவர், ‘பல்பைக் கழற்றிவிட்டால் சரி, வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது’ என்கிறார். நெல் மூடைகளுடன் அம்பாறைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடுகிறோம். என்ன செய்வது?
– வாசகி ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: அவர் சொன்னபடி செய்யாதீர்கள், அம்மா. அந்த விளக்குக்கு பெல்ட்டின் நிலை தெரியாது. மீட்டர் 100,000 கிலோமீற்றர் ஓடியதும் நினைவூட்டுவதற்காக அது எரிகிறது. பெல்ட் நல்லதாக இருந்தாலும் எரியும்; முந்தைய முறை பெல்ட்டை மாற்றிவிட்டு விளக்கை மீளமைக்க மறந்திருந்தாலும் எரியும். ஆகவே முதலில் மேல் கவரைத் திறந்து பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பற்களின் அடியில் நூல் போன்ற வெடிப்பு, ஓரத்தில் பிசிறு, ஒயில் ஊறிய மினுமினுப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே வானை நிறுத்துங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும், பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள் என்பதற்குச் சீட்டு இல்லையென்றால் மாற்றிவிடுவதே சரி.

டீசல் எஞ்சினில் காற்றை வெகுவாக அழுத்தித்தான் எரிபொருளைப் பற்ற வைக்க வேண்டும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவில் இடம் மிகக் குறைவு. சுமையுடன் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வு வளையும், சில வேளை வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டும் கெடும். 3எல் எஞ்சினில் அந்த ஒரே பெல்ட்தான் டீசல் பம்பையும் ஓட்டுகிறது. ஆகவே கிராங்க், கேம், பம்ப் என்று மூன்று குறிகள் சேர வேண்டும். பம்ப் ஒரு பல் தவறினால் புகை கக்கும், இழுவை குறையும், குளிரில் கிளம்பாது. பக்கத்து ஊரில் இந்த எஞ்சினைப் பலமுறை திறந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, அவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் வேலையை இந்த எஞ்சினில் தனியாகச் செய்யலாம் என்று நான் சொல்லமாட்டேன். பாகங்களை நீங்களே வாங்கிக் கொடுங்கள். முடிந்ததும் பழைய பெல்ட்டையும் பெயரிங்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். விளக்கை மீளமைத்தாரா என்றும் உறுதி செய்யுங்கள்.

கேள்வி: எனது காரில் டைமிங் பெல்ட் உள்ளதா, செயின் உள்ளதா என்று எப்படி அறிவது?
– வாசகர் ஒருவர், ஏறாவூர்

பதில்: நீங்கள் காரின் பெயரைக் குறிப்பிடவில்லை. இந்தப் பக்கம் அதிகம் ஓடுபவற்றுள் மாருதி ஆல்டோ 800க்கு பெல்ட். விட்ஸ், அக்ஸியோ, அலியன், வேகன் ஆர், ஹொண்டா பிட் ஆகியவற்றுக்குச் செயின். எஞ்சினின் பக்கத்தில் பிளாஸ்ரிக் கவர் பூட்டியிருந்தால் பெரும்பாலும் பெல்ட். ஒயில் படியும் அலுமினியக் கவர் இறுக மூடியிருந்தால் பெரும்பாலும் செயின். செயினுக்கு பெல்ட்டைப் போலக் குறித்த கிலோமீற்றர் இல்லை என்றாலும், அது எஞ்சின் ஒயிலில்தான் வாழ்கிறது. ஒயிலை நேரத்துக்கு மாற்றாதவர்களின் கார்களில் செயின் நீண்டு, காலையில் கிளம்பியதும் சில விநாடிகள் கடகடவென்று சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம் கேட்டால் ஒயிலின் அளவை முதலில் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால் செயின், டென்ஷனர் இரண்டையும் பார்க்க வேண்டும்.